ரேடியோக்காரி கேம்பல் பேயிலேயே இருக்கிறாள்

என் சுகுவுக்கு,

உன் வீட்டுக்குப் போய்விட்டு வந்துவிட்டேன். நீ இருந்த நாளில் எத்தனை தடவை கூப்பிட்டிருப்பாய்! ஒவ்வொரு தடவையும் டியூட்டி, லீவ் இல்லை, கடல் சரியில்லை என்று ஏதாவது ஒன்றைச் சொன்னேன். இந்தத் தடவை லீவும் கிடைத்தது, கப்பலில் படுக்கப் பங்க்கும் கிடைத்தது, கடலும் படுத்துக் கிடந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

அங்கே போய் நான் செய்ய நினைத்ததும் கடைசியில் செய்யாமல் விட்டதும் உனக்குத் தெரியவேண்டும். நம் கதை தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் பழையதைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நீ பொறுக்க மாட்டாய் என்பதும் தெரியும்.

போர்ட் பிளேரில் நாம் நர்சிங் படித்தபோது ஹாஸ்டலின் பொது அறையில் ஒரே ஒரு டிவி. வங்காளிப் பெண்கள், தெலுங்குப் பெண்கள், மலையாளிகள், நாம் இரண்டு தமிழ். எல்லாருக்கும் பொதுவாக இந்தி. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு இந்தியில் டப் செய்த ஒரு வெளிநாட்டுத் தொடர் வரும். ‘ஆக்ரி சௌகி’ என்று பெயர் வைத்திருந்தார்கள், கடைசிச் சாவடி என்று அர்த்தம். எங்கேயோ ஒரு கிரகத்தின் ஓரத்தில் ஒன்பது பேர். சாமான் கொண்டு வரும் விண்கப்பல் எப்போது வரும் என்று தெரியாமல் காத்திருப்பார்கள். மருந்து தீரும், மாவு தீரும், ஒருத்தருக்கொருத்தர் முகம் பார்க்கப் பிடிக்காமல் போகும். பிறகு சேர்ந்துகொள்வார்கள்.

முதல் நாளே, தெற்கே கடைசித் தீவுக்காரியான நீ சத்தமாகச் சொன்னாய். “இதுல என்னடி சயின்ஸ் ஃபிக்‌ஷன்? இது எங்க கேம்பல் பே!” அறை முழுக்கச் சிரித்தது. அன்றைக்குத்தான் உன்னை எனக்குப் பிடித்துப்போனது.

அந்தத் தொடரின் பாத்திரங்களுக்கு நான்கு அங்குல உயரத்தில் பொம்மைகள் உண்டு, கை கால் மூட்டெல்லாம் மடங்கும் என்பது நமக்கு வேலை கிடைத்த பிறகுதான் தெரிந்தது. என்னோடு வார்டில் இருந்த ஒருத்தியின் அண்ணன் கப்பல்காரர். சிங்கப்பூரிலிருந்து அவர் கொண்டுவந்த பையில் சமையல்காரன் இருந்தான். கேட்டு வாங்கி உனக்கு அனுப்பினேன். “பாவர்ச்சி வந்து சேந்தான். கரண்டியும் கையில இருக்கு” என்று நீ போனில் கத்தியது இப்போதும் காதில் இருக்கிறது. அதிலிருந்து ஆரம்பித்தது. நீ தெற்குக் கோடியில் கேம்பல் பேயில், நான் வடக்கே மாயாபந்தரில். நடுவில் இத்தனை தீவு, இத்தனை கடல். ஆன்லைனில் பார்த்தால் நம் பின்கோடுக்கு அனுப்ப முடியாது என்று சொல்லும். மெயின்லேண்டில் யாராவது சொந்தக்காரர் வீட்டுக்கு வரவழைத்து, அங்கிருந்து வருகிறவர்கள் பெட்டியில் இடம் கேட்டு, ஒவ்வொருத்தராக வந்து சேர்ந்தார்கள்.

கமாண்டரும் டாக்டர்னியும் இரட்டைப் பைலட்டுகளும் என்னிடம். சமையல்காரன், மிஸ்திரி, கண்ணாடி வீட்டில் செடி வளர்க்கும் தோட்டக்காரன், ‘டப்பா’ என்று நாம் பெயர் வைத்த இயந்திரம், நான்கு பேர் உன்னிடம். எட்டு ஆயிற்று. ஒன்பதாவது ஆள் மட்டும் கிடைக்கவே இல்லை. இன்னொரு பெண் பொம்மை விற்காது என்று நினைத்து அந்தக் கம்பெனி ரேடியோக்காரியைக் குறைவாகச் செய்துவிட்டதாம். தினமும் சாயங்காலம் மைக்கின் முன் உட்கார்ந்து, பதில் வராத கப்பலைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாளே, அவள்.

நான் பெட்டியைப் பிரிக்க மாட்டேன். நீ வந்த அன்றைக்கே பிரித்துவிடுவாய். அதற்காக எத்தனை சண்டை! “உள்ள மூச்சு முட்டும்டி, பாவம்” என்பாய். எனக்கு எரிச்சலாக வரும். பிரித்தால் மதிப்புப் போச்சு என்பேன். ஒருநாள் நீ சொன்னாய்: “சரி, ஒரு ஒப்பந்தம். யார் முதல்ல போறாங்களோ அவ ஆளுங்க இன்னொருத்தி வீட்டுக்கு. எல்லாரும் ஒண்ணாச் சேந்துருவாங்க.” நமக்கு அப்போது முப்பது வயது. விளையாட்டாகத்தான் தலையை ஆட்டினேன்.

சென்னையில் வைத்தியத்துக்குப் போயிருந்தபோது நீ பேசிய போனை மறக்க முடியுமா? “பாரு, கிடைச்சுட்டா!” என்றாய். பழைய சாமான் விற்கிற ஒரு கடையில், கூடையில் குவித்திருந்த பொம்மைகளுக்கு நடுவில் ரேடியோக்காரி. மூச்சு வாங்க வாங்க அவள் கோட்டின் நிறத்தைச் சொன்னாய், தோள் மூட்டு லூஸாக இருப்பதைச் சொன்னாய். எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான், “ரிப்போர்ட்டும் வந்துச்சு. நல்லா இல்ல” என்றாய்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. இரண்டாவது சேதி வருவதற்கு முன்னால், அந்த அரை நிமிடம், எனக்கு வயிறு எரிந்தது. எனக்குக் கிடைக்கவில்லையே என்று. பிறகு எத்தனை நாள் அதை நினைத்து என்னையே திட்டிக்கொண்டேன் தெரியுமா?

நீ போன சேதி வந்தபோது மழைக்காலம். கப்பல் இரண்டு முறை ரத்தானது. நான் கிளம்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதன் பிறகும் நான் உடனே வரவில்லை. உன் வீட்டு வாசலில் நிற்கும் தைரியம் வர மூன்று மாதம் ஆனது.

மாயாபந்தரிலிருந்து போர்ட் பிளேருக்கு பஸ். அங்கிருந்து கேம்பல் பேக்குக் கப்பல். கார் நிக்கோபார், கமோர்ட்டா என்று ஒவ்வொரு இடமாக நின்று, ஆட்களையும் அரிசி மூட்டையையும் இறக்கிக்கொண்டு மெதுவாகப் போனது. உன் வீட்டுக்காரர் தங்கராசுவைப் பார்த்து நாலு வார்த்தை ஆறுதல் சொல்லத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் என் பையின் அடியில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. அதற்குள் ஐந்து பழந்துணி. ஐந்து பேரைச் சுற்றி எடுத்துவர. இதை நீ படித்தால் சிரிப்பாயா, முகத்தைத் திருப்பிக்கொள்வாயா?

சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த அந்த வீட்டு வரிசையில் உன் வீட்டைக் கேட்காமலே கண்டுபிடித்தேன். வாசல் முழுக்க உன் செடிகள். வாடவில்லை, தண்ணீர் ஊற்றியிருந்தார். உன் வீட்டுக்காரர் பவர் ஹவுஸ் டியூட்டி முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். இளைத்திருந்தார். “வாங்க சிஸ்டர்” என்றார்.

உன் படத்துக்கு முன்னால் நின்று அழுதேன், சுகு. பொய் அழுகை இல்லை. ஆனால் கண்ணைத் துடைத்ததும் என் பார்வை நேராக அலமாரிக்குத்தான் போனது. சமையல்காரன், மிஸ்திரி, தோட்டக்காரன், டப்பா. தூசு இல்லாமல் நின்றார்கள். ரேடியோக்காரி இல்லை.

தங்கராசு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “இவங்கள எடுத்துட்டுப் போங்க சிஸ்டர். அவ சொல்லிட்டுத்தான் போனா. எனக்கும் டெய்லி இவங்க மூஞ்சியப் பாக்க முடியல” என்றார். நான் பெட்டியை வெளியே எடுப்பதற்குள் அவரே ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். பழைய புடவை ஒன்றைக் கிழித்து நான்கு பேரையும் தனித்தனியாகச் சுற்றினார். குழந்தையைத் துணியில் சுற்றுகிற மாதிரி, கழுத்துக்குக் கீழே கை கொடுத்து. நீதானே சொல்லிக்கொடுத்திருப்பாய்?

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். ஜன்னல் விளிம்பில், கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில், அவள். படத்தில்தான் பார்த்திருக்கிறேன், நேரில் அன்றைக்குத்தான். உன் கைக்கு வரும்போது அவள் தலையில் ஹெட்போன் இல்லை, தொலைந்திருந்தது. இப்போது தலையில் மெல்லிய செம்புக் கம்பி வளைத்து, இரண்டு பக்கமும் கருப்பு மணி ஒட்டி, ஒரு ஹெட்போன் இருந்தது. மணி உன் கருகமணியில் இருந்ததுதான் என்று பார்த்ததும் தெரிந்தது.

தங்கராசு வாசற்படியில் வந்து நின்றார்.

“நான் செஞ்சது. அவ படுத்திருந்தப்போ. ரெண்டு பேரும் முதல்ல இருந்து அந்தத் தொடரைப் பாத்தோம், லேப்டாப்புல. எனக்கு இதெல்லாம் பிடிக்காது. பர் க்யா கர்னா, என்ன பண்றது, அவ கூட உக்காரணுமே. அப்புறம் எனக்கே பிடிச்சுப்போச்சு.”

நான் அந்தச் செம்புக் கம்பியை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

“சிஸ்டர், கிடைக்காத ஆளு இவதான்னு எனக்குத் தெரியும். நீங்க எத்தன வருசம் தேடுனீங்கன்னும் தெரியும். கேட்டா குடுத்துருவேன்.” ஜன்னல் பக்கம் பார்த்தார். “கேக்காதீங்க.”

சுகு, உடனே ‘சரி’ என்று சொல்லியிருந்தால் நான் நல்லவள். நான் சொல்லவில்லை. வெளியே போய்க் கப்பல்துறை வரைக்கும் நடந்தேன். ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே என்று ஒரு மனசு சொன்னது. அவருக்கு ஒரு பொம்மை, எனக்கு இருபது வருடத் தேடல் என்றது. இப்படியெல்லாம் கணக்குப் போடுகிற மனசை வைத்துக்கொண்டு தினமும் வார்டில் நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்கிறேனே என்று எனக்கே கூச்சமாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்து கடலைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. எனக்கு அவள் வேண்டியிருந்தது உண்மை. ஆனால் அவள் என் பீரோவில் போய் நின்ற பிறகு தங்கராசு சாயங்காலம் அந்தச் சமையலறைக்குள் எப்படிப் போவார் என்று யோசித்தபோது, என்னால் மேலே யோசிக்க முடியவில்லை.

திரும்பி வந்து, “அவ இங்கயே இருக்கட்டும்ண்ணா” என்றேன். முதல் தடவையாக அவரை அண்ணா என்று கூப்பிட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு டீ போடப் போனார்.

மறுநாள் கிளம்ப வேண்டிய கப்பல் இரண்டு நாள் தள்ளிப்போனது. பக்கத்து வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி வீட்டில் தங்கினேன். உன் பெயரைச் சொல்லாமல் அவரால் ஒரு ரொட்டி திருப்ப முடியவில்லை. “மேரீ சுகந்தி” என்பார், என் சுகந்தி என்று, கண்ணைத் துடைப்பார், நெய்யை அள்ளி ஊற்றுவார். மறுநாள் மத்தியானம் தங்கராசு அங்கே வந்து நின்றார்.

“மூணு எபிசோட் மிச்சம் இருக்கு சிஸ்டர். அவ இல்லாம பாக்கல. முடிவு என்னன்னு கேட்டேன், கடைசி வரைக்கும் சொல்லவே மாட்டேன்னுட்டா. அந்த ரேடியோக்காரி கூப்பிடுற கப்பல் வருதா?”

“நானும் சொல்ல மாட்டேன். வாங்க, பாக்கலாம்” என்றேன்.

உன் வீட்டுக் கூடத்தில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். லேப்டாப்பை ஸ்டூல் மேல் வைத்தார். ஆன்ட்டிக்குக் கதையின் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. ஆனால் யார் அழுதாலும் கூடவே அழுதார். கடைசி எபிசோட் உனக்குத்தான் தெரியுமே. பாதியில் தொடரை நிறுத்திவிட்டார்கள். வானத்தில் ஒரு புள்ளி வெளிச்சம் தெரியும், ரேடியோக்காரி மைக்கை விட்டு எழுந்திருப்பாள், அவ்வளவுதான். பெயர்கள் ஓட ஆரம்பித்துவிடும்.

தங்கராசு ஸ்க்ரீனையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“முடிஞ்சுதா? இவ்ளோதானா?”

“இவ்ளோதான்.”

“அந்த வெளிச்சம் கப்பலா, வேற எதாவதா?”

“யாருக்கும் தெரியாது. எடுத்தவங்களுக்கே தெரியாது.”

“இதைச் சொல்லாம வச்சிருக்கத்தானா ரெண்டு மாசம் என்னையக் கெஞ்ச விட்டா?” என்றார். கேட்டுக்கொண்டே சிரித்தார், சுகு. தோள் குலுங்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. ஆன்ட்டி பயந்து என்னைப் பார்த்தார். நீ போன பிறகு அவர் சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று ஆன்ட்டி அப்புறம் என்னிடம் சொன்னார். சிரித்து முடித்துத் தங்கராசு பின்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். முகம் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது.

உன் நான்கு பேரோடு வந்து சேர்ந்தேன். வந்த வாரமே என் பெட்டிகளைப் பிரித்தேன். நீ சொன்னது சரி. நம் ஊர் ஈரக் காற்றில், மூடிய பெட்டிக்குள்ளேயே கிடந்து கமாண்டர் பிசுபிசுவென்று ஆகியிருந்தார். டாக்டர்னியின் அட்டை முழுக்கப் பூஞ்சை. காற்றுப்பட நின்ற உன் ஆட்கள் நால்வரும் நேற்று வாங்கின மாதிரி இருக்கிறார்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைத்து, எட்டு பேரையும் ஜன்னலோரம் நிறுத்தினேன். தோற்றேன், ஒத்துக்கொள்கிறேன், போதுமா?

ரேடியோக்காரி மேல் ஆசை போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். எட்டு பேரைப் பார்க்கும்போதெல்லாம் கண் தானாக எண்ணும், எட்டில் வந்து நிற்கும். நிற்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கராசு அண்ணா போன் செய்தார். சுற்றி வளைத்து மழை, கப்பல், டீசல் எல்லாம் பேசினார். பிறகு மெதுவாக, “சிஸ்டர், இதுக்கப்புறம் வேற என்ன பாக்கலாம்? அது மாதிரியே, கப்பல் கிப்பல் வர்றதா இருந்தா நல்லாருக்கும்” என்றார். நான் பார்த்த ஒரு தொடரின் பெயரைச் சொன்னேன். நீளமானது, ஆறு சீசன். அங்கே நெட் வருகிற வேகத்துக்கு இரண்டு மூன்று வருடம் ஓடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் அங்கே ஒன்று, நான் இங்கே அதே ஒன்று, முடிந்ததும் போனில் பேசுவது என்று வைத்துக்கொண்டோம்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன், சுகு. ஆறு சீசனும் முடிகிற வரைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக்கூட விட மாட்டேன். அவர் எவ்வளவு கெஞ்சினாலும் முடிவைச் சொல்ல மாட்டேன்.

உன் வீட்டுக்காரருக்கு இப்போது தங்கச்சியாகவும் ஆகிவிட்ட,
உன் பாரு
மாயாபந்தர்