சத்தம் போடாத ஜெனிட்டா

ஆவணி 14, வெள்ளி

பிரசவ வார்டில் இன்று ஜெனிட்டா கத்தவே இல்லை. வலி வரும்போதெல்லாம் துண்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஏளா, வாய்விட்டுக் கத்து" என்றேன்.

"அவிய கடலுக்குப் போயிருக்காவ, சிஸ்டர். கரையில நான் அலறுனா அங்கன காத்து ஏறும்னு அத்தை சொல்லுதாவ."

கத்திக்கொண்டிருந்த இன்னொருத்தியிடம் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது குழந்தையின் இதயத்துடிப்பு மிகவும் இறங்கியிருந்தது. டாக்டர் வேக்குவம் கருவியைத் தலையில் வைத்துக் குழந்தையை இழுத்து எடுத்தார். உடம்பெல்லாம் நீலம். முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். வெகுநேரம் கழித்துத்தான் அழுதது.

ஜெனிட்டா கேட்டாள்: "வெளிய காத்து அடிக்கா, சிஸ்டர்?"

இருவரும் நலம்தான். இங்கே வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். ஒரு சத்தமும் இல்லை. என் மகளின் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். இன்னொரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன்.