மூன்றாம் வகுப்புப் பிள்ளை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் கால் வீக்கம் வற்றியதா? தம்பி நேரத்துக்குச் சாப்பிடுகிறானா?

இங்கே ஆசிரியர் படிப்பில் ஒருத்தி பாடம் நடத்தினால் மற்றவர்கள் பிள்ளைகளாக நடிக்க வேண்டும். நேற்று நான் மூன்றாம் வகுப்பு.

"சாயந்திரம் உன்னைக் கூட்டிட்டுப் போக யாரு வருவாங்க?" என்று தோழி கேட்டாள்.

"எங்கப்பா வருவாரு மிஸ்."

"லேட்டாச்சுன்னா?"

"வர்ற வரைக்கும் ஸ்கூல் கேட் பக்கத்துலயே நிப்பேன்."

நடிப்பு பிரமாதம் என்றார் பேராசிரியர். எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்று இங்கே யாரிடமும் சொல்லவில்லை. நானும் சிரித்துவைத்தேன்.

புடவைக்கு ஊக்கு வேண்டும், அனுப்பு. அப்பாவின் போனை யாருக்கும் கொடுத்துவிடாதே. சார்ஜ் போட்டு வை, எடுக்க வேண்டாம். நான் கூப்பிடும்போது அது அடித்தால் போதும்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

உன் மகள்