பெயர் கூப்பிட்டபோது நீங்கள் இல்லை, வாப்பா

அன்பு வாப்பா, நீங்கள் உறங்கும் கபுறு வெளிச்சமாகவும் விசாலமாகவும் இருக்கட்டும்.

நாளைக் காலை நானும் உம்மாவும் கல்முனைக் கோட்டுக்குப் போகிறோம். உங்களுக்குத் தெரியாமல் இந்த வீட்டில் வழக்குக் கதை நடந்ததே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் வயல் வழக்கு தள்ளுபடியாகிவிட்டது வாப்பா. கோபப்படாமல் கேளுங்கள். நீங்கள் மௌத்தாகி, உம்மா நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியேறாமல் இத்தா இருந்த காலத்தில்தான் அடுத்த தவணை வந்தது. வழக்காளி உம்மா என்றாலும் சட்டத்தரணியோடு கதைப்பதெல்லாம் நீங்கள்தானே. அவருடைய கிளாக்கர் உங்கள் போனுக்குத்தான் அடித்தாராம். அது சார்ஜ் இறங்கி, அலுமாரியில் உங்கள் தொப்பிக்குப் பக்கத்தில் கிடந்தது.

உம்மா தவணையை மறக்கவில்லை. உங்களை அடக்கிவிட்டு வந்த மாமா நேரே உம்மாவின் அறைக்குள் போனார். மற்ற ஆண்கள் போக முடியாத இத்தா அறை; அவர் உடன்பிறந்த தம்பி, யார் தடுப்பது? வழக்கின் எதிராளியும் அவர்தான் என்பது அந்த நேரம் யாருக்கு நினைவிருந்தது? உங்களைக் கிடத்திய சந்தூக்கை முன்னால் சுமந்த தோள் அது.

"ராத்தா, நீங்க இத்தாவில இருங்க. கோட்டை நினைச்சிக் கவலைப்படாதீங்க. எனக்கும் அண்டைக்குத் தவணைதானே, நான் போய்ச் சொல்றன். மச்சான்ட மௌத்தைக் கேட்டா ஜட்ஜ் ஐயா வேற திகதி தருவார்" என்றார்.

உம்மா தலையாட்டினார். நான் கஞ்சிக் கோப்பையோடு பக்கத்தில் நின்றேன். கேட்டது நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

தவணையன்று மாமா கோட்டுக்குப் போகத்தான் செய்தார். உம்மாவின் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்களாம். மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். எங்கள் சட்டத்தரணி, தனக்கு ஒரு தகவலும் இல்லை என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், முடிந்தது. உங்களை அடக்கிய மையவாடியில் அவர் அழுத அழுகை உங்களுக்காகவா, அந்தத் தவணைக்காகவா?

இத்தா முடிந்த பிறகு வயல் வட்டைப் பக்கம் போனோம். நம் வயல் வரம்பில் சிவப்புக் கிரவல் மண் கொட்டிக் கிடந்தது. உம்மாவுக்குச் சீதனமாக வந்த வயல். நெல் செய்கை பார்க்கத்தான் மாமாவிடம் கொடுத்தோம். பக்கத்தில் பாதை விழுந்து விலை ஏறியதும் 'ஆம்பிளைக்குத்தான் கூடப் பங்கு' என்று வயலை விட்டு இறங்க மறுத்தவர், இப்போது அதை நிரப்பிக் கடை கட்டப் போகிறாராம். போகும் ஒவ்வொரு முறையும் ஒரு குவியல் கூடியிருக்கிறது. தண்ணீர் வரும் வாய்க்காலும் மூடிவிட்டது. சுற்றிவரப் பச்சை, நடுவில் நம் வயல் மட்டும் சிவப்பு.

தள்ளுபடியை நீக்கி வழக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லி மனுப் போட்டிருக்கிறோம். நாளை அதற்குத்தான் விசாரணை. மாமா ஆட்சேபித்திருக்கிறார். இத்தாவில் இருந்தவள் கிளினிக்குக்குப் போனாளே, கோட்டுக்கு மட்டும் ஏன் வரவில்லை என்கிறார். தான் ஒன்றும் சொல்லவே இல்லையாம்.

"இத்தா எண்டு மட்டும் சொன்னாக் காணாது மகள். ஏன் ஆளனுப்பி அறிவிக்கல்ல எண்டு கேப்பாங்க. மாமா சொன்னதைக் காதால கேட்ட நீங்கதான் சாட்சிக் கூட்டில ஏறோணும்" என்றார் சட்டத்தரணி. இந்த மனுவும் போய்விட்டால் இதே விசயத்துக்கு இனி வழக்கே வைக்க முடியாதாம்.

நேற்றுப் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு மாமா வந்தார். ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியை முழுக்கக் குடித்தார். எழும்பும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்:

"சாட்சிக் கூட்டில ஏறுறது லேசு புள்ள. இறங்கக்குள்ள ஆரு மிச்சம் எண்டு பாத்துக்க. உன்ட புருசன் என்ட மகன்."

றிஸ்வான் அங்கேதான் இருந்தார், வாப்பா. நீங்கள் விரும்பிக் கட்டித் தந்த மாப்பிள்ளை. இரவு சாப்பாட்டைத் தன் உம்மா வீட்டில் முடித்துக்கொண்டு வந்தார். இன்று மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடித்து, வாசல் பக்கம் திருப்பி நிறுத்தி வைத்திருக்கிறார். எங்களைக் கோட்டுக்கு ஏற்றிப் போகவா, தான் போய்விடவா? கேட்கப் பயமாக இருக்கிறது. நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களும் தகப்பனைக் கண்டால் ஊமையாகிவிடுகிறார்களே, அதற்கு என்ன செய்வது?

உம்மாவின் பெயரைக் கூப்பிட்டால் கோட்டே திரும்பிப் பார்க்கும்படி "ஓம் ஐயா, வந்திரிக்கா!" என்று சொல்வது நீங்கள்தான். நீங்களா வழக்காளி என்று நான் எத்தனை தடவை கேலி செய்திருப்பேன். இப்போது குசினிக்குள் உம்மா தனியாகச் சொல்லிப் பார்க்கிறார்: "வந்திரிக்கன் ஐயா." எனக்கே சரியாகக் கேட்கவில்லை. தேங்காய் துருவிக்கொண்டே திரும்பவும் சொல்கிறார்.

நாளை அந்தக் குரல் எழும்பாவிட்டால் நான் சொல்வேன், வாப்பா. உங்கள் சத்தத்தில் சொல்வேன். பிறகு கூட்டில் ஏறி, மாமாவின் முகத்தைப் பார்த்தபடியே, அவர் சொன்னதைச் சொல்வேன். இறங்கும்போது யார் மிச்சமோ, அவர்களோடு வீட்டுக்கு வருவேன்.

இப்படிக்கு,
இன்று வரைக்கும் மாமாவின் மருமகள்,
என்றைக்கும் உங்கள் மகள்,
பர்வீன்