பிரானக்கின் பச்சை ஜாகுவார்

சான் ஃபெர்னாண்டோ, கலிஃபோர்னியா
6 மே 1994

அன்புள்ள எல்விரா அக்காவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? தெரேசாவுக்குப் பரீட்சை முடிந்ததா? இங்கே ஜனவரி பூகம்பத்தில் விரிந்த பட்டறைச் சுவரை நான் இன்னும் பூசவில்லை. வருகிறவர்கள் எல்லாம் என்னைத்தான் திட்டுகிறார்கள், பூமியை ஒருவரும் திட்டுவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பேக்கர்ஸ்ஃபீல்டில் ஒரு கோழிக் கொட்டகையிலிருந்து நான் இழுத்து வந்த பச்சை ஜாகுவாரை ஓட வைத்துவிட்டேன். பதினொரு வருஷ வேலை. அது அப்பாவின் கைதான் அக்கா. அப்படி மூக்கை நீட்டி, விளக்குகளைக் கண்ணாடிக்குள் சாய்த்து வைக்க அவரை விட்டால் யார் இருந்தார்கள்? ஆகஸ்டில் மான்டரே ஏலத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். 'நடிகர் லைல் பிரானக்கின் வண்டி, உருமாற்றியவர் அன்செல்மோ கிஹாடா' என்று ஏலப் புத்தகத்தில் அச்சடிப்பார்கள். அப்பா செத்தபோது எந்தப் பத்திரிகையிலும் ஒரு வரி வரவில்லை. எனக்கு அந்த ஒரு வரி வேண்டும்.

குறுக்கே நிற்பவள் ஏலக் கம்பெனியின் மிஸ் ப்ரூயிட். பழைய வண்டி யார் யார் கையில் இருந்தது என்று துருவுவதுதான் அவள் உத்தியோகம். வண்டியின் பத்திரம் பிரானக் பெயரில் இல்லை, படக் கம்பெனி பெயரில் இருக்கிறது. பிரானக் இந்த வண்டிமேல் சாய்ந்து நிற்கும் போட்டோவைக் காட்டினேன். "அந்தக் காலத்துல எல்லாப் பட்டறையிலயும் ஒரு நடிகரைக் கூட்டிட்டு வந்து சாய வெச்சுப் படம் எடுத்திருக்காங்க. இதெல்லாம் சாட்சி இல்லைங்க" என்றுவிட்டாள். பட்டறையின் வேலை அட்டை வேண்டுமாம். இல்லையென்றால் அன்றைக்கு அதில் வேலை செய்தவர் யாராவது சத்தியம் செய்து எழுதித் தரவேண்டுமாம்.

அட்டைகளை எழுதியவள் நீ. அவை இருந்த பெட்டியை எடுத்துப் போனவளும் நீ. 1961-ஆம் வருஷத்து அட்டையைத் தேடி அனுப்பு.

உன் பிரியமுள்ள தம்பி,
ராமிரோ

ஆல்புகெர்க்கி, நியூ மெக்சிகோ
14 மே 1994

அன்புத் தம்பி ராமிரோவுக்கு,

கடிதம் கிடைத்தது. சுவரைப் பூசிவிடு, தலையில் விழுந்து தொலைக்கப் போகிறது. ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? ஆள் இளைத்துவிட்டான் என்று போன வாரம் வந்தவர்கள் சொன்னார்கள்.

அந்தப் பெட்டி நனைந்து எல்லாம் கூழாகிவிட்டது. எந்த வருஷம் என்றுகூட நினைவில்லை, தூக்கிப் போட்டேன். பிரானக் பேர் எதற்கு? நல்ல வண்டி, நல்ல வேலை என்று விற்றுவிட்டுப் போ. செத்த நடிகனின் வாலைப் பிடித்துக்கொண்டா அப்பாவுக்குப் பெருமை வரவேண்டும்?

உன் நலம் விரும்பும்,
எல்விரா

சான் ஃபெர்னாண்டோ
29 மே 1994

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கைவிட்டாலும் எனக்கு ஆள் கிடைத்துவிட்டார். சீட் தைத்த ஃபெர்மின் லெர்மா மாமா. எண்பத்து மூன்று வயதில் பக்கோய்மாவில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறார். வண்டியை ஓட்டிப்போய்க் காட்டினேன். சிவப்புத் தோல் சீட்டைத் தடவிப் பார்த்து, "என் தையல்தான்டா, மறந்துருவேனா?" என்றார். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அமாலியாவைப் புதைச்சு ரெண்டு நாள்கூட ஆகலை. வீட்ல உக்கார முடியலைடா, எதைத் தொட்டாலும் அவ வெச்ச சாமான். உங்கப்பன்கிட்ட போய் ஏதாச்சும் வேலை குடுன்னேன். அவன் என் மூஞ்சியையே பாக்கலை. வேணாம் வேணாம்னான். நான் விடலை. அப்புறம் இந்த வண்டியைக் காட்டினான். பிரானக்கே வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'உங்க சம்சாரம் விஷயம் கேள்விப்பட்டேன்'னு சொன்னான். அம்மாம் பெரிய நடிகன்!"

அத்தனையும் எழுதி, 1961 நவம்பர் என்று மாதத்தையும் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார். மிஸ் ப்ரூயிட்டுக்கு இது போதும்.

ஆனால் ஒரு குடைச்சல். அவள் பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்தாள். பச்சைக்கு அடியில் வெள்ளி நிறம். வலது முன் மட்கார்டில் காந்தம் ஒட்டவே இல்லை, அவ்வளவு கனத்துக்கு ஈயம் ஊற்றியிருக்கிறது. அப்பாவா? நெளிவைத் தட்டி எடுக்காமல் ஈயம் ஊற்றி மறைத்தான் என்று இரண்டு பேரை வேலையை விட்டு அனுப்பிய மனிதர் அவர்.

இன்னொன்று. நேற்று போனில் தெரேசாவிடம் பேசினேன். பெட்டி உன் அலமாரியில் பத்திரமாக இருக்கிறதாமே. என்னிடம் எதற்குப் பொய் சொன்னாய்?

ராமிரோ

ஆல்புகெர்க்கி
3 ஜூன் 1994

ராமிரோ,

ஃபெர்மின் எழுதிக் கொடுத்ததை அந்தப் பெண்ணிடம் கொடுக்காதே. அவர் வீட்டுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு இனிமேல் போகாதே. காரணம் கேட்காதே. இத்தனை வயதில் உன்னிடம் நான் எதையும் கேட்டதில்லை.

எல்விரா

சான் ஃபெர்னாண்டோ
9 ஜூன் 1994

அக்கா,

காரணம் கேட்காமல் இருக்க எனக்கு ஆறு வயது இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அமாலியா அத்தையை வண்டி ஏற்றிக் கொன்றவன் அகப்படவே இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்துபோனவளை அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போன வண்டி வெள்ளி நிறம் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஊர் முழுக்க வெள்ளி நிற வண்டியைத் தேடியது எனக்கே லேசாக ஞாபகம் இருக்கிறது.

நான் நினைப்பது தப்பு என்று ஒரு வார்த்தை எழுது. காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன். இருபத்து நான்காம் தேதி வரை பார்ப்பேன். பதில் இல்லையென்றால் ஃபெர்மின் மாமாவின் காகிதத்தைக் கொடுத்துவிடுவேன்.

ராமிரோ

ஆல்புகெர்க்கி
18 ஜூன் 1994

தம்பி,

நீ நினைப்பது சரி.

அன்று வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடம் போகும் வழியில் அப்பாவுக்குக் காப்பி கொடுக்கப் போனேன். பிரானக்கின் டிரைவர் வண்டியைக் கொண்டு வந்திருந்தான். அப்பா சொல்லச் சொல்ல அட்டை எழுதினேன்: 'உரிமையாளர் லைல் பிரானக். வலது மட்கார்டு நெளிவு, விளக்கு உடைந்தது, மான் மோதியது.' உடைந்த விளக்கைக் கழற்றும்போது வளையத்தில் நீலக் கம்பளி நூல் சிக்கியிருந்தது. அமாலியா அத்தையின் ஸ்வெட்டர். அம்மாதான் பின்னிக் கொடுத்திருந்தாள். முதல் நாள் மாலை அத்தைக்கு நடந்தது எங்கள் எல்லோருக்கும் அதற்குள் தெரியும். அப்பா அந்த நூலை அடுப்பில் போட்டதை நான் பார்த்தேன்.

மத்தியானம் பிரானக் வந்தானாம். அப்பாவிடம் இந்த நாட்டுக் காகிதம் எதுவும் கிடையாது என்பது அவனுக்குத் தெரியும். "ஒரு போன் போட்டாப் போதும், குடும்பத்தோட எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிருவாங்க" என்றானாம். வண்டி ஆறு நாளில் உருமாறியது. மட்கார்டைத் தட்டி எடுக்க அப்பாவால் முடியவில்லை. "அந்தப் பள்ளத்துல என்னால சுத்தியலை வெக்க முடியலை எல்விரா" என்றார். அதனால்தான் ஈயம்.

பயந்துபோய்ச் செய்தார் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அதற்கப்புறம் பிரானக்கின் சிநேகிதர்கள் வரிசையாக வண்டி கொண்டுவந்தார்கள். அப்பா ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை. நீ படித்தது அந்த வேலை தந்த காசில்தான். நானும்தான்.

அட்டையைக் கிழிக்கச் சொன்னார். கிழித்துவிட்டேன் என்று சொன்னேன். இத்தனை வருஷம் அதைக் கிழிக்கவும் இல்லை, யாரிடமும் காட்டவும் இல்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது ராமிரோ. இதோ அனுப்புகிறேன். பிரானக்கின் வண்டி என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஃபெர்மினுக்கு மட்டும் தெரிய வேண்டாம். இந்த வயதில் அவர் தாங்கமாட்டார். நமக்குள் இருக்கட்டும்.

அக்கா

சான் ஃபெர்னாண்டோ
1 ஜூலை 1994

அக்காவுக்கு,

அட்டை கிடைத்தது. நான்கு நாள் வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் அதை எடுத்துக்கொண்டு ஃபெர்மின் மாமாவிடம் போனேன். நீ வேண்டாம் என்றாய். அவருடைய கையெழுத்தை வாங்கி வைத்துக்கொண்டு அவர் வாசலைக் கடந்து போக என்னால் முடியவில்லை.

கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "ஈயத்தை எடு, நான் பாக்கணும்" என்றார். பட்டறைக்குக் கூட்டி வந்து நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. நெருப்பைக் காட்ட ஈயம் உருகி வழிந்தது. அடியில் அப்பா தொடாமல் விட்ட பள்ளம் அப்படியே இருந்தது. சூடு ஆறும் வரை காத்திருந்து அதற்குள் கையை வைத்தார். ரொம்ப நேரம் கையை வெளியே எடுக்கவில்லை.

பிறகு பிளேடு கேட்டார். என்ன செய்யப் போகிறாரோ என்று பயந்துகொண்டே கொடுத்தேன். வண்டிக்குள் உட்கார்ந்து, தான் தைத்த சீட்டை ஒவ்வொரு தையலாகப் பிரித்தார். தோலில் ஒரு கீறல்கூட விழவில்லை. முழுவதும் பிரித்து மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "எல்விராவுக்குத் தெரியுமா?" என்றார்.

தெரியும் என்றேன்.

"எப்பத்துலேருந்து?"

"பதினாலு வயசுலேருந்து, மாமா."

"சவ ஊர்வலத்துல எம்பக்கத்துலதான் நடந்தா. விழுந்துருவேன்னு என் கையைப் பிடிச்சிருந்தா" என்றார்.

மிஸ் ப்ரூயிட்டுக்கு அட்டையின் நகலை அனுப்பிவிட்டேன். வண்டி பிரானக்குடையது என்று ஊர்ஜிதமாகிவிட்டது. ஏலத்திலிருந்து எடுத்துவிட்டேன். போலீஸுக்கும் ஒரு நகல் கொடுத்தேன். பிரானக்கும் அப்பாவும் செத்தவர்கள், இனி யாரைப் பிடிப்பது என்றார்கள். அப்பாவின் பெயர் ஏதாவது பத்திரிகையில் வரும் என்று நினைக்கிறேன்.

மாமா உன் விலாசம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். கடிதம் எழுதுவார் என்றுதான் நினைத்தேன். அவர் பஸ் டிக்கெட் வாங்கியிருக்கிறார். வியாழக்கிழமை காலை உன் ஊரில் இறங்குவார். நான் கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார்.

கதவைத் திற.

ராமிரோ