முப்பத்துநான்கு இறகு

2003 ஜனவரி 20
காலையில் மறுபடியும் இடது தோள் கதவு நிலையில் இடித்துக்கொண்டது. இந்த வாரத்தில் மூன்றாவது முறை. "பாத்து வரமாட்டீங்களா?" என்றாள் ரேணுகா. பார்த்துத்தான் வந்தேன்.

மத்தியானம் பட்டு வியாபாரி பரசுராமன் வந்தார். ஒரு கார் கம்பெனி முந்நூறு பட்டுச் சால்வை கேட்கிறதாம், ஏப்ரல் கடைசியில் விழா. சால்வையின் முனையில் கம்பெனிச் சின்னம் ஜரிகையில் வர வேண்டும். சிறகு விரித்த பருந்து. பக்கத்துக்குப் பதினேழாக முப்பத்துநான்கு இறகு, ஒவ்வொன்றிலும் நிழல். கட்டம் போட்ட தாளில் நான் வரைந்து கொடுத்தால்தான் அதைப் பார்த்து அட்டையில் துளை அடிப்பார்கள். அட்டை ஏறினால்தான் தறி ஓடும். "பெட்டிக்கு ஒரு சீட்டு வெப்பாங்க. வடிவம், ஆரணி அருணகிரின்னு இருக்கும்" என்றார்.

இருபத்திரண்டு வருடம் எத்தனை சேலைக்கு வரைந்திருப்பேன். எதிலும் என் பெயர் இருந்ததில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்தச் சீட்டுக்காகத்தான் ஒப்புக்கொண்டேன்.

பிப்ரவரி 11
வேலூர், கண் ஆஸ்பத்திரி. ரேணுகா வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று தனியாகப் போனேன். கண்ணுக்குள் நீர் அழுத்தமாம். இடது கண் ஏறக்குறையப் போய்விட்டது, எனக்கே தெரியாமல். வலது கண்ணில் நடுவில் மட்டும் பார்வை. "இருபத்திநாலாம் தேதி ஆபரேஷன். தள்ளிப் போடாதீங்க. போன பார்வை வராது, இருக்கறதைக் காப்பாத்தலாம்" என்றார் டாக்டர். எழுந்து வரும்போது இன்னொரு முறையும் சொன்னார்.

ஆபரேஷன் ஆனால் ஒன்றரை மாதம் கண்ணுக்கு வேலை கூடாது. பருந்து வேறு ஆளுக்குப் போய்விடும்.

பஸ் கண்ணமங்கலம் தாண்டும்வரை யோசித்தேன். வீட்டில், "சொட்டு மருந்து போதுமாம், மூணு மாசம் கழிச்சி வரச் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டேன். அவள் சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றினாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

பிப்ரவரி 24
போகவில்லை. இன்று நான்கு இறகு.

மார்ச் 9
நெசவாளர் தசரதன் மாதிரித் துண்டு நெய்து கொண்டுவந்தார். நன்றாக இருக்கிறது என்றேன். ரேணுகா விரல் வைத்து எண்ணினாள். "இன்னாங்க, இந்தப் பக்கம் பதினேழு, அந்தப் பக்கம் பதினாலுதான் கீது?"

நானும் எண்ணினேன். ஒருமுறை பன்னிரண்டு வந்தது. ஒருமுறை பதினாறு. அவசரத்தில் விட்டுப்போச்சு என்றேன். தசரதன் என்னைப் பார்க்காமல் துண்டை மடித்தார். ரேணுகா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இடது சிறகு முழுவதும் முதலிலிருந்து.

மார்ச் 30
முடிந்தது. ரேணுகாவை எண்ணச் சொன்னேன். முப்பத்துநான்கு. இந்த நோட்டின் கோடு எனக்குத் தெரியவில்லை — வரி ஏறுகிறதா, இறங்குகிறதா?

ஏப்ரல் 4
பரசுராமன் வந்து உட்காரக்கூட இல்லை. "பேஜாராப் போச்சி அருணகிரி. சின்னத்தையே மாத்திட்டாங்க. பருந்து கெடையாதாம்."

ஏன் என்று கேட்டேன்.

"இனிமே எல்லாம் கம்ப்யூட்டரும் செல்போனும்தானாம். அதுல நகம் அளவுக்குப் போட்டா எறகெல்லாம் அப்பிக்கினு கறையாட்டம் தெரியுதாம். கம்ப்யூட்டர் படம்னா சின்னச் சின்னக் கட்டம்தானாமே, அதுக்கு ஏத்த மாதிரி போட்டுட்டாங்க."

கட்டமாம். என்னிடம் சொல்கிறார்.

புதுச் சின்னம் அச்சடித்த தாளை மேசையில் வைத்தார். தேடிக் கண்டுபிடித்தேன். சாய்ந்த கோடு இரண்டு, கீழே சேர்கின்றன. அவ்வளவுதான். சால்வைக்கு அதைச் சென்னையில் யாரோ அரை நாளில் கம்ப்யூட்டரிலேயே போட்டும் கொடுத்துவிட்டார்களாம். சீட்டில் யார் பெயர் என்று கேட்க வாய் வரவில்லை.

ரெண்டு மாசம் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதாடா பாவிங்களா. கண்ணைக் குடுத்துட்டேனே. யாரைத் திட்டுறது? அவன் எறகைத்தானே கேட்டான், கண்ணையா கேட்டான்? நான்தான் குடுத்தேன். நான்தான்.

ஏப்ரல் 5
நிழல் போட்ட இறகு ஒவ்வொன்றும் இப்போது ஒரே கறுப்பாகத் தெரிகிறது. செல்போனில் தெரிவது இப்படித்தானோ?

ஏப்ரல் 16
வேலூர். இந்தத் தடவை ரேணுகாவும் வந்தாள். வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். டாக்டர் திட்டவில்லை. "ஏன் வரல?" என்று மட்டும் கேட்டார். நாளைக்கே ஆபரேஷன். பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்றார்.

வெளியே வந்து, திடீரென்று முற்றிவிட்டதாம் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். செத்துவிடலாம் போல் இருந்தது.

ஆகஸ்ட் 17
இதை எழுதுவது ரேணுகாதேவி. அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

காலையில் பஸ் ஸ்டாண்டு பக்கம் அந்தக் கம்பெனியின் புதுக் கார் நிற்பதாக ரேணுகா சொன்னாள். என்னைக் கூட்டிப்போய்ச் சின்னத்தின் மேல் கையை எடுத்து வைத்தாள். வழவழவென்று இரண்டு கோடு. தொட்டதுமே தெரிந்துவிட்டது. பருந்தாக இருந்திருந்தால் விரலுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. வெயில் அதிகம். வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அவர் சொன்னது இவ்வளவுதான். இனி நான் எழுதுவது.

வெற்றுப் பக்கம் தேடிப் புரட்டியபோது பிப்ரவரி பதினொன்று கண்ணில் பட்டது. முழுவதும் படித்துவிட்டேன். அந்த இருபத்திநாலாம் தேதி நான் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசிக்கிறேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"இன்னா, இன்னுமா எழுதிகினு கீற?" என்று கேட்கிறார்.

"தேதி போடறேங்க" என்றேன்.