ஏழாம் நம்பர் காடு

19 ஆகஸ்ட் 1986

லீவு இன்னும் பன்னிரண்டு நாள் பாக்கி. வாசற்படியில் உட்கார்ந்து எதிர்ச்சரிவை வரைந்தேன். எஸ்டேட்டில் அதற்கு ஏழாம் நம்பர் காடு என்று பேர். போன வாரம்தான் கவாத்து முடித்தார்கள். தேயிலைச் செடியெல்லாம் முழங்கால் உயரத்துக்கு வெட்டுப்பட்டு மொட்டைக் குச்சியாக நிற்கிறது.

நர்ஸ் ஜூடித் சொன்னதற்காகத்தான் வரைகிறேன். "சும்மா சுவத்தப் பாத்து உக்காராதீங்க டீச்சர். பசங்களுக்குச் சொல்லிக் குடுப்பீங்கல்ல, அந்தப் படத்தையாச்சும் போடுங்க." சரி, போட்டாயிற்று. ஒன்றும் ஆகவில்லை.

20 ஆகஸ்ட்

வரைந்தேன். அதே காடு.

22 ஆகஸ்ட்

மூடுபனி. எதிர்ச்சரிவே தெரியவில்லை. இருந்தும் கை தன்பாட்டுக்குப் போட்டுவிட்டது — வரிசை வரிசையாகக் குச்சிகள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இப்படிச் செய்தால் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பார்த்து வரைங்க சாமி, நினைப்புல வரையாதீங்க என்று தொண்டை கிழியக் கத்துவேன். இன்று என்னைக் கேட்க ஆளில்லை.

25 ஆகஸ்ட்

இன்றோடு இருபத்தெட்டு நாள்.

பெண் குழந்தை. அழவே இல்லை. டிஸ்பென்சரியில் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்காரரும் அவரோடு வேலை பார்க்கிற அழகர்சாமி அண்ணனும் எடுத்துப் போனார்கள். இப்படிப் போன குழந்தையைப் புதைத்த இடத்தைப் பெற்றவளிடம் சொல்லக் கூடாது, கல்லும் வைக்கக் கூடாது; எங்கள் ஆட்களின் வழக்கம். "எடந் தெரிஞ்சா நீ அங்கயே போயி நின்னுக்குவ கண்ணு" என்றார் மாமியார். சொல்ல மாட்டேன் என்று மகனிடம் சத்தியமும் வாங்கிவிட்டார்.

இன்று மறுபடி கேட்டேன். "ஏனுங்க, எங்கீங்க வெச்சீங்க?" அவர் கவாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தார். கவாத்து ஆட்களை மேய்க்கிற பெரிய மேஸ்திரி. எந்தப் பக்கம்னாச்சும் தெரிய வேண்டாமா எனக்கு? பெத்தவ நானா, இல்ல இவங்களா?

இதை எழுதும்போதுகூட அழுகை வரவில்லை. அது வேறு எரிச்சலாக இருக்கிறது.

28 ஆகஸ்ட்

மழை. வரையவில்லை. சாப்பிட்டேனா?

30 ஆகஸ்ட்

ஜூடித் வந்து நோட்டைப் புரட்டினார். "எல்லாம் ஒரே படமா இருக்குதுங்களே டீச்சர்!"

"காடே ஒரே மாதிரிதானே இருக்குதுங்க" என்றேன்.

31 ஆகஸ்ட்

ஞாயிறு. அவர் வீட்டில் இருந்தார். நான் வரைந்துகொண்டிருந்தபோது டீ டம்ளரோடு பின்னால் வந்து நின்றார். வெகுநேரம் நின்றார். பிறகு குனிந்து, படத்தில் ஓடைக்குச் சற்று மேலே விரலை வைத்தார்.

"இங்கொண்ணு நிக்குது. நீ போடலை."

"எல்லாத்தையுந்தான் கவாத்துப் பண்ணியாச்சுங்களே."

"பாத்துப் போடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பார்த்தேன். சில்வர் ஓக் மரத்தடியில் ஒரே ஒரு செடி, இடுப்பளவு உயரத்துக்கு, பச்சையாக நின்றது. சுற்றிலும் மொட்டை. இத்தனை நாள் அதற்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தேன். எல்லாம் வெட்டியாகிவிட்டது என்று எனக்குத் தெரியும், அதனால் பார்க்கவில்லை.

ஒரு கிளை மிஞ்சினாலே ஆட்களைக் காய்ச்சி எடுக்கிற மேஸ்திரி ஒரு முழுச் செடியை விட்டுவிடுவாரா?

அம்மாவிடம் செய்த சத்தியம் அப்படியே இருக்கிறது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. படத்தில் இருந்த தப்பைத்தான் காட்டினார். பாவி மனுசன், தினமும் அந்த வழியாத்தான வேலைக்குப் போயிட்டு வந்தாரு. ஒரு வார்த்தை —

அழுதேன்.

2 செப்டம்பர்

நேற்று முதல் ஸ்கூல். வரும் வழியில் அழகர்சாமி அண்ணனைப் பார்த்தேன். அந்தச் செடியை வெட்டச் சொல்லி ஆபீசர் இரண்டு தடவை சத்தம் போட்டாராம். "மேஸ்திரி கத்தியக் கீழ வெச்சுட்டு நின்னுக்கிட்டாருங்க டீச்சர். அசையவே இல்லை."

7 செப்டம்பர்

இன்று வாசற்படியிலிருந்து வரையவில்லை. ஏழாம் நம்பரில், அந்தச் செடியின் பக்கத்தில் உட்கார்ந்து எதிர்ப்பக்கத்தை வரைந்தேன். ஒட்டி ஒட்டி நிற்கிற லைன் வீடுகளில் மூன்றாவது எங்களுடையது. தகரக் கூரை. கொடியில் என் நீலச் சேலை. வாசற்படியில் அவர், இந்தப் பக்கமே பார்த்தபடி. எல்லாவற்றையும் பார்த்துத்தான் போட்டேன்.

இங்கிருந்து எங்கள் வீடு நன்றாகத் தெரிகிறது.