பொட்டு வைத்த எண்ணெய்ப் புட்டி

திருவொற்றியூர்
12-2-1954

அண்ணாச்சிக்குத் தங்கச்சி ஆவுடையம்மாள் கும்பிட்டு எழுதுதேன். வடிவுடையம்மன் புண்ணியத்துல நான் சுகம். மதினிக்கு முட்டுவலி தேவலையா?

தஞ்சாவூர்ப் பக்கம் பூமியில எண்ணெய் தோண்டுத கம்பெனிக்குப் பங்கு சேக்க ஒரு ஏஜெண்டு, நான் சமைக்குற முதலாளி வீட்டுக்கு வந்தாருன்னு எழுதினேன்லா? கெணத்துல வந்ததுன்னு அவரு குடுத்த கறுப்பெண்ணெய்ப் புட்டியை முதலாளியம்மா பூசையறையில வச்சுப் பொட்டும் வச்சிட்டா. நானும் தெனம் கும்பிட்டேன்.

நேத்து மீன்காரி அஞ்சலை அதைப் பாத்துட்டு அப்படிச் சிரிச்சா.

"இன்னாம்மா, கப்பல்காரன் கடல்ல கொட்ன கழிவுக்கா பொட்டு வச்சிக்கினு கீறீங்க? கரையில ஒதுங்குனத எங்க வூட்டுக்காரருதான் அந்தாளுக்கு வழிச்சுக் குட்த்தாரு!"

முதலாளிகிட்ட சொன்னேன். "நீ அடுப்பைப் பாரு"ன்னுட்டாரு.

நீங்க பயப்படாதீங்க. ரெண்டு வட்டு கருப்பட்டி அனுப்புங்க, இங்க உள்ளது வாயில வைக்க வெளங்கல. நம்ம ஊரு பேச்சுக் கேட்டும் நாளாச்சு. பங்கு வாங்க விக்கணும்னீங்களே, அந்த வயல் பத்திரத்தை மதினி பெட்டியில பூட்டி, சாவியைக் கருப்பட்டியோட வச்சு எனக்கு அனுப்பிருங்க.

அந்த ஏஜெண்டுப் பய இன்னைக்குச் சாயங்கால ரயில்ல நம்ம ஊருக்குத்தான் வாரான். இந்தக் கடுதாசியும் அதே ரயில்லதான் வருது. "நம்பிக் குடுக்கலாம்"னு நான் போன வாரம் எழுதிக் குடுத்த சீட்டை உங்ககிட்ட காட்டுவான். தபால் எடுக்க ஆள் வந்தாச்சு. அந்தச் சீட்டும் என் கையெழுத்துதான் அண்ணாச்சி. நீங்க இதை நம்புங்க.

ஆவுடை